‘பட்டதா?’ என்று மட்டும் கேட்டால் போதாது

"கால் பட்டுச்சே, அப்புறம் என்ன, பெனால்டிதானே?" என்று ரீப்ளே ஓடும்போது ஒருவர் கேட்பார். கால் மணி நேரம் கழித்து எதிர் அணிக்காரர் அதே மாதிரி விழுந்தால் அவரே, "லேசாத்தானே பட்டுது, நடிக்கிறான்" என்பார். இரண்டு தடவையும் அவர் அளப்பது ஒன்றைத்தான்: பட்டதா, படவில்லையா. நான் தொழில்முறைக் கால்பந்தைப் பல வருடங்களாகப் பார்த்து வருபவன். பிறகு நடுவர் பயிற்சி எடுத்துக்கொண்டு, வார இறுதிகளில் அமெச்சூர் ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறேன், சில ஆட்டங்களில் உதவி நடுவராகக் கோட்டோரம் கொடி பிடிக்கிறேன். விசில் கைக்கு வந்தபிறகு டிவியில் பார்க்கிற ஆட்டமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். ஃபவுலைப் பற்றிப் பேசுவது கால்பந்து விதிகளில் 12ஆவது விதி. அதன்படி உதைப்பது மட்டுமல்ல, உதைக்க முயல்வதும் குற்றம். காலைத் தட்டிவிடுவது மட்டுமல்ல, தட்டிவிட முயல்வதும் குற்றம். ஆக, துளிகூடத் தொடாமலே ஃபவுல் செய்ய முடியும். சறுக்கிக்கொண்டு வரும் டிஃபென்டர் (தடுப்பவர்) கணுக்காலைப் பதம் பார்த்துவிடுவாரோ என்று ஃபார்வர்டு (கோல் அடிக்கப் போகிறவர்) எகிறிக் குதித்து, நிலைதடுமாறி விழுந்தால் அது டைவ் இல்லை, அதாவது ஏமாற்ற நடித்து விழுவது இல்லை. மறுபக்கம், ஓட்டத்தில் தோளோடு தோள் உரசுவதும் கை மேலே படுவதும் ஆட்டத்தில் சகஜம். பட்ட ஒரே காரணத்தால் அது ஃபவுல் ஆகிவிடாது. நடுவர் எடைபோட வேண்டியது செயலின் தன்மையை. கவனக்குறைவு என்றால் ஃப்ரீ கிக்கோடு முடிந்தது. எதிராளிக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் பாய்ந்திருந்தால் மஞ்சள் அட்டை. தேவைக்கு மீறிய பலத்தோடு, ஆளுக்கே ஆபத்து வரும்படி இறங்கியிருந்தால் சிவப்பு. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், வகுப்பில் யாராவது "பட்டது சார்" என்றால் வீடியோவை நிறுத்திவிட்டு, "சரி, பட்டதால என்ன ஆச்சு?" என்று திருப்பிக் கேட்பார். பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னால் இருக்கும் கட்டம், அங்கே தடுப்பவர் ஃபவுல் செய்தால் பெனால்டி) யார் விழுந்தாலும் இன்றைக்கும் எனக்குள் முதலில் எழுவது அந்தக் கேள்விதான்.

இதிலிருந்து கிளை பிரிவது இன்னொன்று. ஃபவுல் இல்லை என்றால் உடனே அது டைவ் என்று ஆகிவிடாது. 2002 உலகக் கோப்பையில் தென் கொரியாவும் இத்தாலியும் மோதிய நாக் அவுட் ஆட்டம் ஞாபகம் இருக்கலாம். கூடுதல் நேரத்தில் இத்தாலியின் டோட்டி பாக்ஸுக்குள் விழுந்தார். ஈக்வடார் நடுவர் பைரன் மொரேனோ பெனால்டி தரவில்லை. அதோடு விடாமல், நடித்தார் என்று டோட்டிக்கு இரண்டாவது மஞ்சள் அட்டையைக் காட்டி வெளியே அனுப்பினார். பத்துப் பேரோடு ஆடிய இத்தாலி கோல்டன் கோலில் (கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும் அப்போதைய முறை) 2-1 எனத் தோற்றது. அந்தக் காட்சியை நான் பல தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பெனால்டி இல்லை என்ற முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வேகமாக ஓடும் இரண்டு பேர் ஒரே பந்துக்குப் போகும்போது ஒருவர் விழுவது நடக்கக்கூடியது. அதற்குப் பெயர் வெறும் விழுதல். விசில் ஊதப் புதிதாக வருகிறவர்கள் பலருக்கும் தலையில் இரண்டே பெட்டிகள் இருக்கும்: ஃபவுல், டைவ். நடுவில் இருக்கும் மூன்றாவது பெட்டிதான் பெரியது. டைவுக்கு அட்டை எடுப்பதென்றால் ஏமாற்றும் நோக்கம் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், எழுந்து விளையாடு என்று கையைக் காட்டிவிட்டுப் பந்தின் பின்னால் ஓடிவிடுவேன்.

நோக்கம் தெரிந்துவிட்டால் தயங்குவதில்லை. நடிப்புக்கு விதி சொல்வது மஞ்சள் அட்டை. அதற்காக ஆட்டத்தை நிறுத்தியிருந்தால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது நேராகக் கோல் அடிக்க முடியாத உதை.

இனி கோணம். நடுவர் தவறுகளைப் பற்றி நான் கற்றதில் பெரும்பகுதி இந்த ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

ஒரு ஆட்டத்தில் நான் கோட்டோரம் கொடியோடு இருந்தேன். ஃபார்வர்டு ஒருவர் என் பக்கமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு பாக்ஸுக்குள் நுழைந்தார். டிஃபென்டர் ஒட்டியபடியே ஓடினார். மெயின் ரெஃப்ரி இருவருக்கும் நேர் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஃபார்வர்டு கத்திக்கொண்டே விழுந்தார். ரெஃப்ரிக்குத் தெரிந்தது இரண்டு முதுகுகள், பின்னிக்கொண்ட கால்கள், விழும் ஒரு ஆள். பக்கவாட்டில் நின்ற எனக்கு அந்த இரண்டு கால்களுக்கும் நடுவில் புல் தெரிந்தது. பந்து ஏற்கெனவே கோல் லைனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இனி எட்டாது என்று தெரிந்ததும் ஃபார்வர்டு தன் வலது காலைப் பக்கவாட்டில் நீட்டி டிஃபென்டரின் காலைத் தேடினார். கிடைக்கவில்லை. கிடைத்தது போலவே விழுந்தார். ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தபடி நான் கொடியைக் கீழேயே வைத்து, கோல் கிக் பக்கம் கையைக் காட்டினேன். வெளியே இருந்து "ரெஃப்ரிக்குக் கண்ணு தெரியலையா" என்று ஒரே கூச்சல். அவருடைய கண்ணில் ஒரு குறையும் இல்லை. அந்த இடத்திலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவையும் அவர் பார்த்திருந்தார்.

தொழில்முறை ஆட்டத்திலும் இதேதான், வேகம் மட்டும் பல மடங்கு. நடுவர் மைதானத்தில் மூலைவிட்டமாக ஓடுவார். ஒரு பக்கக் கோட்டில் உதவி நடுவர் இருப்பதால், நடுவர் மறுபக்கம் சாய்ந்து ஓடினால் பந்து இருவருக்கும் நடுவில் மாட்டும். டிஃபென்டர்களைத் தாண்டிப் போகும் ஒரு நீளமான த்ரூ பாஸ் இந்த ஏற்பாட்டை இரண்டு விநாடியில் உடைத்துவிடும். பந்து எழுபதாவது மீட்டரில், நடுவர் நாற்பதில், கண்ணுக்கு நேரே முதுகுகள். தேர்ந்த ஃபார்வர்டுகளுக்கு இது அத்துப்படி. அவர்கள் விழுவது டிஃபென்டரை வைத்து மட்டுமல்ல, நடுவர் நிற்கும் இடத்தையும் வைத்து.

அதனால் புதிதாக விசில் எடுப்பவர்களிடம் நான் சொல்வது, கிட்டே ஓடுவதைவிடப் பக்கவாட்டில் நகருங்கள். சம்பவத்துக்குப் பத்து மீட்டர் கிட்டே போய் நேர் பின்னால் நிற்பதைவிட, இருபத்தைந்து மீட்டரில் நின்றாலும் இருவருக்கும் இடையில் இருக்கும் வெளிச்சம் தெரிந்தால் போதும். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்று தப்பாகப் பார்ப்பதில் யாருக்கு என்ன லாபம்? ஆஃப்சைடிலும் (பந்து தனக்குப் பாஸ் ஆகும் நொடியில் ஃபார்வர்டு கடைசி டிஃபென்டரைத் தாண்டி நிற்பது) இதே கதைதான். கடைசி டிஃபென்டருக்கு நேராக நிற்க வேண்டிய உதவி நடுவர் ஒன்றிரண்டு அடி தள்ளி நின்றாலே, ஆஃப்சைடு இல்லாதவர் ஆஃப்சைடில் இருப்பதுபோலத் தெரியும். 2000-இல் நேச்சர் இதழில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை விளக்கியிருந்தார்கள். அவர்கள் காட்டிய காரணம், நிற்கும் இடத்தால் வரும் கண் மயக்கம்.

1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக அர்ஜென்டினாவின் மரடோனா கையால் தட்டிய கோலையும் இந்தக் கண்ணோடு பார்த்துப் பாருங்கள். துனிசிய நடுவர் அலி பின் நாசருக்கு மரடோனாவும் கோல்கீப்பர் ஷில்டனும் சேர்ந்து எகிறியது தெரிந்தது, கை தெரியவில்லை. அவர் பல்கேரிய லைன்ஸ்மேன் (உதவி நடுவர்) டோச்சேவைப் பார்த்தார். அங்கிருந்து கொடி உயரவில்லை, கோல் கொடுத்துவிட்டார். இரண்டு பேர், இரண்டு கோணம், இருவரிடமும் முழுப்படம் இல்லை. அந்த நேரத்தில் இங்கிலாந்து கோல்கீப்பர் பக்கம் ஒரே ஒரு கேமரா இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

டைவைக் கண்டுபிடிக்க என்ன பார்ப்பது? போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் பால் மாரிஸும் டேவிட் லூயிஸும் இதை ஆராய்ந்து சில அடையாளங்களைச் சொன்னார்கள். பட்ட நொடிக்கும் விழுகிற நொடிக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா? தட்டிய திசையும் பலமும் விழுகிற விதத்தோடு ஒத்துப்போகிறதா? பட்ட இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறாரா? கடைசியாக, இரண்டு கைகளும் மேலே போய், மார்பு முன்னால் தள்ளி, தலை பின்னால் சாய்ந்து, முழங்கால் மடங்கிய நிலை. உடம்பு வில்லாக வளைந்துவிடும். உண்மையாக விழுகிற மனிதனின் கை தரையைத் தேடும், அது யாரும் சொல்லிக்கொடுக்காமலே வருவது. இரண்டு கையும் வானத்துக்குப் போனால், அந்த உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையில் இல்லை என்று அர்த்தம்.

2018 உலகக் கோப்பையில் கோஸ்டா ரிக்காவுக்கு எதிராக நெய்மர் விழுந்தது இதற்குப் பாடப் புத்தக உதாரணம். டிஃபென்டர் கான்சாலஸின் கை மேலே பட்டது உண்மை. ஆனால் நெய்மர் கைகளை விரித்து மல்லாந்து சாய்ந்த விதத்துக்கும் அந்தக் கைக்கும் பொருத்தமே இல்லை. நெதர்லாந்து நடுவர் பியோர்ன் கைப்பர்ஸ் பெனால்டி கொடுத்தார், பிறகு திரையில் பார்த்துவிட்டு ரத்து செய்தார். "பட்டதா?" என்று மட்டும் கேட்டிருந்தால் அந்த பெனால்டி நின்றிருக்கும். "பட்டதால் அப்படி விழ முடியுமா?" என்று கேட்டதால் போனது.

மைதானத்தில் நின்று நான் சேர்த்துக்கொண்டவை இன்னும் சில உண்டு. பந்து எங்கே போகிறது என்று பார்ப்பேன். கடைசித் தொடுதல் கனமாகி, பந்து கைவிட்டுப் போகும் தருணத்தில் விழுகிறவர்மேல் சந்தேகம் கூடும். பந்து காலடியில் இருக்க, எதிரே கோல் திறந்திருக்க, ஒருவர் விழுந்தால் பெரும்பாலும் நிஜமாகவே தட்டப்பட்டிருப்பார். யார் கால் யாரைத் தேடிப் போனது என்று பார்ப்பேன். ஓட்டத்தின் நடுவில் பின்னங்காலை இழுத்து விட்டுப் போகிற தந்திரம் உண்டு. டிஃபென்டரின் கால் அசையாமல் இருக்கும், ஃபார்வர்டின் கால் வந்து அதில் மாட்டிக்கொள்ளும். விழுந்துகொண்டிருக்கும்போதே கண் விசிலைத் தேடினால் அதையும் குறித்துக்கொள்வேன். ஆனால் இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதமாட்டேன்.

ஏனென்றால் மிகைநடிப்பும் நிஜ ஃபவுலும் ஒரே விழுதலில் கலந்திருக்கும். 2014 உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்கு எதிராக நெதர்லாந்தின் ராபன் கடைசி நிமிடங்களில் பெனால்டி வாங்கினார், அதில் ஹுன்டெலார் கோல் போட்டு 2-1 என்று ஆட்டம் முடிந்தது. ஆட்டத்துக்குப் பிறகு ராபனே, முதல் பாதியில் ஒரு தடவை டைவ் அடித்ததாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஆனால் கடைசி பெனால்டி உண்மையானது என்றார். யாரும் நம்பத் தயாராக இல்லை. எனக்கு அந்த பெனால்டி சரியென்றே படுகிறது, மெக்சிகோ டிஃபென்டர் மார்க்கெஸின் கால் அவர் பாதத்தில் இறங்கியது தெரிகிறது. கைகளை விரித்து, கத்தி, பறந்து விழுந்தது ராபனின் சொந்தச் சரக்கு. நடிப்பைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆளின் பெயரை வைத்து முடிவெடுத்தால், பழைய டைவுக்கான தண்டனையைப் புதிய ஃபவுலில் வசூலிப்பதாக ஆகிவிடும்.

அவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதில் நடுவர்களுக்கும் பங்கு உண்டு. இது சக நடுவர்களுக்குப் பிடிக்காத பேச்சு, தெரிந்துதான் சொல்கிறேன். ஒரு ஃபார்வர்டைச் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். அவர் விழாமல் தள்ளாடி இரண்டு அடி போய்ப் பந்தை இழக்கிறார். விசில் வராது. அடுத்த தடவை அதே இழுப்புக்கு அவர் தொப்பென்று விழுகிறார், விசில் வருகிறது. நேர்மையாக நின்றால் நஷ்டம், விழுந்தால் லாபம் என்று நாமே பாடம் நடத்திவிட்டு, பிறகு நடிக்கிறார்கள் என்று புலம்புவதில் நியாயம் இல்லை. அதனால் நான் விசிலை இரண்டு விநாடி தாமதப்படுத்துகிறேன். ஃபவுலையும் மீறி அவர் அணிக்கே நல்ல வாய்ப்பு தொடர்ந்தால், அதாவது அட்வான்டேஜ் கிடைத்தால், ஆட்டம் ஓடட்டும். கிடைக்காமல் போனால், அவர் நின்றுகொண்டிருந்தாலும் பின்னால் போய் ஃபவுலை ஊதுவேன். முதல் இருபது நிமிடத்துக்குள் இப்படி ஒன்றை ஊதிவிட்டால் மீதி ஆட்டத்தில் விழுகிறவர்கள் குறைகிறார்கள் என்பது என் அனுபவம். விழாமலே கிடைக்கும் என்று தெரிந்தால் யார் வீணாக முழங்காலைத் தேய்த்துக்கொள்வார்கள்?

டிஃபென்டர்களுக்கு ஒன்று சொல்லலாம். பாக்ஸுக்குள் காலை நீட்டிவிட்டு அப்படியே வைத்திருப்பதுதான் டைவ் அடிப்பவருக்கு நீங்கள் தரும் பரிசு. நீட்டினால் பந்தை எடுங்கள், இல்லையென்றால் உடனே இழுத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் தோளில் கை வைத்துக்கொண்டு ஓடுகிற பழக்கமும் அப்படித்தான். மைதானத்தின் நடுவில் அது ஒன்றுமில்லை. பாக்ஸுக்குள் அவர் விழுந்துவிட்டால், பின்னால் வரும் நடுவருக்குத் தெரிவது உங்கள் கை மட்டும்தான்.

தொழில்நுட்பம் வந்துவிட்டதே, இன்னும் ஏன் இவ்வளவு தவறுகள் என்று கேட்பவர்கள் உண்டு. தவறுகள் ஒரே ஜாதி இல்லை. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து க்ராஸ் பாரில் பட்டு, கோட்டுக்கு உள்ளே நன்றாக விழுந்து, வெளியே வந்தது. கோல் தரப்படவில்லை. டிஃபென்டர்களுக்கு நேராக நிற்க வேண்டிய உதவி நடுவர் கோல் லைனில் எப்படி நிற்பார்? இது தகவல் சம்பந்தப்பட்ட தவறு, கருவி தீர்த்துவிடும். 2012-இல், பந்து கோட்டைத் தாண்டியதா என்று காட்டும் கோல் லைன் தொழில்நுட்பத்துக்கு ஒப்புதல் கிடைத்தது, 2014 உலகக் கோப்பையில் பயன்பட்டது, அந்தச் சண்டை ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2006 உலகக் கோப்பையில் இங்கிலாந்து நடுவர் கிரஹாம் போல், குரோஷியாவின் சிமுனிச்சுக்கு மூன்று மஞ்சள் அட்டை காட்டியது வேறு ரகம். ஒரு அட்டையை ஆஸ்திரேலியாவின் மூன்றாம் எண் ஆட்டக்காரர் பெயரில் எழுதிவிட்டார். எழுத்துப் பிழை. இதைப் படித்த நாளிலிருந்து அட்டை காட்டியதும் எண்ணோடு அணியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். பார்ப்பவர்களுக்குப் பைத்தியம் மாதிரி இருக்கும், பரவாயில்லை.

2023 செப்டம்பரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட கோல் மூன்றாவது ரகம். மைதானத்தில் ஆஃப்சைடு என்று கோலை மறுத்திருந்தார்கள். வி.ஏ.ஆர் அறையில் (வீடியோ பார்த்து உதவும் நடுவர்கள் இருக்கும் இடம்) இருந்தவர்களோ மைதானத்தில் கோல் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்கள். "சரி" என்ற பதில் மைதானத்துக்கு வந்தபோது ஆஃப்சைடு உறுதியாகிவிட்டது. ஆட்டமும் தொடங்கிவிட்டதால் திரும்பிப் போக முடியவில்லை. கருவி சரியாகவே காட்டியது, பேச்சுதான் கெட்டது. உதவி நடுவரோடு பேசும்போது வெறும் "சரி" சொல்லாமல் "கோல் இல்லை, ஆஃப்சைடு, சரி" என்று முழுசாகச் சொல்லுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான்காவது, தீர்ப்புத் தவறு. டைவ் பெரும்பாலும் இங்கேதான் வரும். இதைக் கேமரா பாதிதான் தீர்க்கும், சில சமயம் கெடுக்கவும் செய்யும். ஸ்லோ மோஷனில் எல்லாத் தொடுதலும் வேண்டுமென்றே செய்ததுபோலத் தெரியும். ஐரோப்பிய நடுவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஸ்லோ மோஷனில் பார்த்தவர்கள் அதே சம்பவத்துக்குக் கடுமையான அட்டையை நோக்கிச் சாய்ந்தார்கள். அதனால்தான் வி.ஏ.ஆர் நெறிமுறையே, எங்கே பட்டது என்பதற்கு ஸ்லோ மோஷன், எவ்வளவு பலமாகப் பட்டது என்பதற்கு இயல்பான வேகம் என்று பிரித்துச் சொல்கிறது. டிவி ஒளிபரப்பில் இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. வீட்டில் பார்க்கும்போது ரீப்ளேயை முதலில் நிஜ வேகத்தில் பாருங்கள். சத்தத்தையும் குறைத்துவிடுங்கள். 2002-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், கூட்டத்தின் இரைச்சலோடு வீடியோ பார்த்த நடுவர்கள், சத்தமில்லாமல் பார்த்தவர்களைவிட உள்ளூர் அணிக்கு எதிராகக் குறைவான ஃபவுல்களையே கண்டார்கள். நடுவரே கரைகிறார் என்றால் ரசிகர் எம்மாத்திரம்.

ஆட்டம் முடிந்தபிறகு தண்டிப்பது எனக்கு நல்ல வழியாகப் படுகிறது. 2002 உலகக் கோப்பையில் துருக்கிக்காரர் உதைத்த பந்து காலில் பட, முகத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்த பிரேசிலின் ரிவால்டோவுக்கு ஃபிஃபா அபராதம் விதித்தது. ஆனால் அந்தத் துருக்கிக்காரருக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது கிடைத்ததுதான். 2009-இல் செல்டிக்குக்கு எதிராக பெனால்டி வாங்கிய ஆர்சனலின் எடுவார்டோவுக்கு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ இரண்டு ஆட்டத் தடை போட்டது, மேல்முறையீட்டில் அது ரத்தானது. நோக்கத்தை நிரூபிப்பது அவ்வளவு கஷ்டம். இங்கிலாந்தில் 2017-18 சீசனிலிருந்து வேறு முறை வந்தது. முன்னாள் நடுவர், முன்னாள் ஆட்டக்காரர், முன்னாள் மேனேஜர் என மூன்று பேர் வீடியோவைப் பார்ப்பார்கள். மூவரும் ஒருமனதாக ஏமாற்றுதான் என்றால் தடைக்கான வழக்கு. பிரீமியர் லீக்கில் முதலில் மாட்டியவர் எவர்டனின் நியாஸ், இரண்டு ஆட்டங்கள். பெனால்டி வாங்கிக்கொடுத்த டைவ், நேரடிச் சிவப்பு அட்டை வாங்கிக்கொடுத்த டைவ் என்று ஆட்டத்தைப் புரட்டுகிற டைவுகளை மட்டும் இப்படிப் பிடித்தால் போதும் என்று நினைக்கிறேன். எல்லா விழுதலையும் விசாரிக்கப் போனால் வாரம் முழுக்கக் கமிட்டிதான் உட்கார்ந்திருக்கும்.

விழுந்தவரிடமே கேட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். 2005-இல் ஜெர்மன் கிளப் ப்ரெமனுக்கு ஆடிய க்ளோஸ, தனக்குக் கொடுத்த பெனால்டி தவறு என்று நடுவரிடம் போய்ச் சொன்னார், அது திரும்பப் பெறப்பட்டது. 2012-இல் இத்தாலிய கிளப் லாட்சியோவுக்கு ஆடும்போது கையால் போன கோலையும் அவரே சொல்லி ரத்து செய்ய வைத்தார். 1997-இல் ஆர்சனலுக்கு எதிராக லிவர்பூலின் ஃபவுலர், கோல்கீப்பர் சீமன் தன்னைத் தொடவில்லை என்று சைகை காட்டியும் நடுவர் கேட்கவில்லை. ஃபவுலர் அடித்ததை சீமன் தடுத்தார், திரும்பி வந்த பந்தை மெக்அட்டீர் கோலாக்கிவிட்டார். ஆட்டம் மறுபடி தொடங்கும்வரை முடிவை மாற்ற நடுவருக்கு விதியே இடம் கொடுக்கிறது, ஆகவே தானாக வந்து சொல்பவரின் பேச்சை நான் எடுத்துக்கொள்வேன். நானாகப் போய்க் கேட்பதில்லை. பத்து சக ஆட்டக்காரர்கள் சுற்றி நிற்க, "உன்னைத் தட்டினாரா?" என்று ஒருவரிடம் கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.